அண்ணன் வளர்த்த செடியும் நான் சொன்ன பொய்யும்

எங்கள் அண்ணன் போய் இந்தத் திதியோடு ஓராண்டு ஆகிறது. நினைவு மலரில் ஒரு கட்டுரை வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டபோது, நல்லவர், பொறுமையானவர், யாரையும் கடிந்து பேசாதவர் என்று நாலு வரி எழுதிப் படத்தைப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதெல்லாம் உண்மைதான். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கும் அது தெரியும். ஆனால் உங்களில் அநேகம் பேருக்குத் தெரியாத ஒன்றை நான் ஓராண்டாக வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றி வேறு எதை எழுதினாலும் எனக்கே பிடிக்கவில்லை. நான் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்பேன்.

அண்ணன் பிறந்தது லாபிஸ் ஊருக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் பால்மரத் தோட்டத்தில். ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்துத் தொழிலாளர் லயம் எங்களுடையது. வண்டி போகும்போது அடுக்கிவைத்த மங்குக் கிண்ணங்கள் எல்லாம் ஒன்றோடொன்று உரசும். எனக்கு நாலு வயதாக இருக்கும்போது அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அண்ணனுக்கு அப்போது பதினான்கு. அம்மா மரம் சீவினார். அண்ணன் இரண்டாம் படிவத்தோடு புத்தகப் பையைச் சுவரில் மாட்டிவிட்டுப் புல்வெட்டுக்குப் போனார். அந்தப் பையைத்தான் நான் பிறகு ஆறாம் ஆண்டு வரை தூக்கிக்கொண்டு போனேன். பால்மரங்களை அழித்துச் செம்பனை வைத்த காலத்தில் அண்ணனுக்கு மருந்தடிக்கும் வேலை கிடைத்தது. களைக்கொல்லிப் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு காலைப் பெரட்டில் வரிசையில் நின்று பெயர் கொடுத்த பிறகு கிளம்பினால், மத்தியானம் வரை செம்பனை மரங்களுக்கு நடுவில் கண்ணில் படுகிற பச்சையை எல்லாம் காய வைக்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதுதான் அவர் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் நான் ஐந்தாம் படிவம் வரை படித்தேன். என் கல்யாணமும் அந்தச் சம்பளத்தில்தான் நடந்தது.

அண்ணன் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு இடத்தில் பெண் பார்க்கப் போனோம். இரண்டு இடத்திலும் "மருந்தடிக்கிற வேலையா?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். மூன்றாவது இடத்துக்கு அவர் கிளம்பவே இல்லை. அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டார். அதைப் பற்றி ஒரு நாளும் அவர் குறைபட்டுக்கொண்டதில்லை. நான்தான் குறைபட்டுக்கொண்டேன், அவருக்கும் சேர்த்து.

செடிக்கு வருகிறேன். தோட்டத்தின் எல்லையில் ஒரு சிற்றாறு ஓடியது. அதன் கரையில் மட்டும் கொஞ்சம் பழைய காடு மிச்சம் இருந்தது. ஒரு நாள் காலையில் மருந்தடித்துக்கொண்டே அங்கு போன அண்ணன், பம்பின் குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றுவிட்டாராம். தரையில் ஒரு பூ. தண்டு இல்லை, காம்பு இல்லை, மண்ணுக்குள்ளிருந்து நேரே வெளியே வந்திருந்தது. அந்த இடத்தைச் சுற்றி நாலு குச்சி நட்டுச் சிவப்புக் கயிறு கட்டிவிட்டு வந்துவிட்டார். அடுத்த நாள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கண்ணில் அது பட்டுவிட்டது.

"டேய், ஆத்தோரம் ஏன் அடிக்கல?"

"அங்க ஒரு பூ இருக்கு மண்டோரே."

"பூ பாக்கவாடா சம்பளம் குடுக்குறாங்க?"

கூட வேலை செய்தவர்கள் விடுவார்களா? "ஒரு வழியா நம்ம ஆளு கட்டிட்டான்டா. பொண்ணுக்கு இல்ல, செடிக்கு" என்று ஆரம்பித்து, அவர் வேலையை விடும் வரை அதைச் சொல்லியே சிரித்தார்கள். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் அந்தக் கயிற்றுக்குள் ஒரு சொட்டு மருந்து விழ விடவில்லை. மண்டோரும் நல்ல மனிதர், பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுவாராம்.

அதிலிருந்து ஒரு கிழங்கைத் தோண்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். செக்கூர், அதாவது கச்சோலம், என்று நினைத்துத்தான் கொண்டுவந்தார். அம்மாவுக்கு இருமல், செக்கூர்க் கிழங்கை மென்றால் நல்லது என்பார்கள். அம்மா ஒரு கடி கடித்துவிட்டுத் துப்பினார். "என்னாடா இது, மண்ணு மாதிரி இருக்கு. மணமே இல்ல." பக்கத்துக் கிராமத்து மலாய்க்கார அக்கா இலையைக் கசக்கி மோந்து பார்த்துவிட்டு, "புக்கான் செக்கூர் லா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். செக்கூர் இல்லை என்று ஆகிவிட்டது. பிறகு என்ன என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் அதை ஒரு பால் டின்னில் நட்டு வைத்தார். பிறகு ஆற்றோரத்தில் வேறு வேறு இடத்தில் முளைத்திருந்ததையும் கொண்டுவந்து சேர்த்தார்.

தோட்டத்தை விட்டு அண்ணன் பத்து பகாட் ஊரில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு துணிமணிப் பையும் ஆறு தொட்டியும் கொண்டுவந்தார். எங்கள் வீடு வரிசை வீடு. பின்பக்கம் துணி காயப்போடவே இடம் பற்றாது. நான் தையல் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை செய்கிறவள், ஒரு நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலே எனக்கு ஆகாது. வீட்டிலும் அப்படித்தான். "அண்ணே, காஞ்சது கருகுனது எதையும் என் கண்ணு முன்னாடி வைக்காதீங்க" என்று வந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவர் "சரிம்மா" என்றார். அதற்குப் பிறகு அந்தத் தொட்டிகளில் ஒரு காய்ந்த இலையை நான் பார்த்ததில்லை. எப்போது பின்பக்கம் போனாலும் பச்சையாக இருக்கிற தொட்டிகள் மட்டும்தான் வெளியே இருக்கும். சில மாதங்களில் ஒன்றுகூட இருக்காது. அண்ணன் எங்கோ இடம் மாற்றியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். ஏன் என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

செடியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு செடிக்கு இரண்டே இலை. உள்ளங்கை அகலத்துக்குத் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். மேலே கரும்பச்சை. அதில் திருநீறு தொட்ட விரலை அங்கங்கே வைத்து அழுத்தியதுபோல் சாம்பல் நிறப் புள்ளிகள். இலையைத் திருப்பினால் அடியில் பீட்ரூட் நிறம். இரண்டு இலைக்கும் நடுவில் மண்ணிலிருந்து பூ வரும், பெருவிரல் நகம் அளவுதான். காலையில் வெயில் ஏறும்போது விரியும். நாம் மத்தியானச் சோற்றுக்கு உட்காருவதற்குள் ஈரத்தாளாகக் குழைந்துவிடும். இதைப் பார்ப்பதற்காக அண்ணன் காலையில் பசியாறாமல் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "அண்ணே, தே தண்ணி ஆறிப் போகுது" என்று நான் கத்துவேன். "இரும்மா, தொறக்குது" என்பார்.

உங்களில் பலர் வீட்டுக்கு அந்தச் செடி வந்திருக்கிறது. புது வீடு புகுந்தாலும், பிள்ளைக்குப் பெயர் வைத்தாலும், அண்ணன் ஒரு சின்னத் தொட்டியோடுதான் வருவார். எனக்கு மானம் போகும். "எல்லாரும் அங்பாவ்ல காசு வச்சுக் குடுக்குறாங்க, நீங்க மட்டும் மண்ணத் தூக்கிக்கிட்டு வர்றீங்க" என்று காரில் திட்டிக்கொண்டே வருவேன். நீங்கள் எல்லாரும் மரியாதைக்கு வாங்கி வைத்துக்கொண்டீர்கள். அதற்காக இன்று உங்களுக்கு நன்றி சொல்கிறேன்.

என் மகள்தான் அந்தப் பூவைக் கைபேசியில் படம் எடுத்துச் செடி வளர்ப்பவர்கள் குழு ஒன்றில் போட்டாள். ஒரு வாரத்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர் அம்மையார் தொடர்புகொண்டார். இஞ்சி வகைச் செடிகளைப் பற்றியே வாழ்நாள் முழுதும் ஆராய்ச்சி செய்கிறவராம். நாங்கள் அவரை மரியாதையாகப் புவான் என்றே கூப்பிடுவோம். நீண்ட தூரம் காரோட்டி வந்தார். நெடுஞ்சாலையில் நெரிசல், வந்து சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. பூ குழைந்து கிடந்தது. புவான் எங்கள் பின்வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அழுவாரோ என்று நான் பயந்தேன். ஆனால் அவர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அண்ணனை மாமா முறையில் பாக்சிக் என்று கூப்பிட்டு மலாயில் சொன்னார்: இது போன்ற செடிகளில் பெயர் உள்ளவை எல்லாம் எனக்குத் தெரியும் பாக்சிக், இதை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் உயிரோடு இருக்கும் பூவை அளக்க வேண்டும், காயையும் விதையையும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெயர் வைத்து எழுத முடியும்.

"பேரே இல்லையா இதுக்கு?" என்று அண்ணன் என்னிடம் தமிழில் கேட்டார். அவர் முகத்தை அன்றைக்குப் பார்க்க வேண்டுமே! அறுபது வயதில் முதன்முறையாகத் தன்னிடம் ஒருவர் பெரிய வேலை ஒன்றை ஒப்படைத்ததுபோல் நிமிர்ந்து நின்றார்.

புவான் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து எப்படி எழுத வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார். தான் கண்ணால் பார்த்ததும் அடுத்தவர் சொல்லிக் கேட்டதும் கலந்துவிடக் கூடாது என்றார். அண்ணன் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் கோடு கிழித்து இந்தப் பக்கம் "பார்த்தது", அந்தப் பக்கம் "கேட்டது" என்று எழுதினார். பழைய நாள்காட்டித் தாள்களில் கிறுக்கி வைத்திருந்ததை எல்லாம் எடுத்து அதில் சேர்த்தார். என் தையல் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய்ப் பூவை அளந்தார். மண்ணோடு திருப்பி வைப்பார், நான் கத்துவேன். ஒரு பூவின் மகரந்தத்தை அதே செடியில் வைத்தால் காய்ப்பதில்லை, வேறு செடியிலிருந்து எடுத்து வைத்தால்தான் பிடிக்கிறது என்பதைத் தானாகவே நூல் முனையால் தொட்டுத் தொட்டுக் கண்டுபிடித்தார். புவானே தொலைபேசியில் ஆச்சரியப்பட்டார்.

ஆனால் நேரம் கூடி வரவில்லை. அடுத்த தடவை பூத்தபோது புவான் வெளிநாட்டில் இருந்தார். அதற்கடுத்த தடவை புவான் வருவதற்குள் பூ முடிந்துவிட்டது; காய் பிடித்தது, முற்றுவதற்குள் எறும்பு தின்றுவிட்டது. அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று தெரிந்தது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இத்தனை ஆண்டு மருந்தடித்ததுதான் காரணமா என்று மருத்துவரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். ஆகவே நானும் சொல்லவில்லை. டயாலிசிஸ் நாற்காலியில் படுத்துக்கொண்டு அண்ணன் நோட்டை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டிருப்பார். அடுத்த தடவை பூக்கும்போது புவான் முதல் நாளே வந்து எங்கள் வீட்டிலேயே தங்குவது என்று பேசி வைத்தாயிற்று. எறும்பு வராமல் இருக்க என் பழைய திரைச்சீலை வலையில் ஆறு தொட்டிக்கும் ஆறு மூடி தைத்துத் தரச் சொன்னார் அண்ணன். முனகிக்கொண்டே தைத்துக் கொடுத்தேன்.

சென்ற ஆண்டு காலில் ஒரு சின்னப் புண் வந்து, அது பெரிதாகி, கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாம் நாள் நினைவு தப்பிவிட்டது. உறவுக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று மருத்துவர் சொன்னார். அன்று வியாழக்கிழமை. குளித்துவிட்டு வரலாம் என்று நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். பின்பக்கம் துணி எடுக்கப் போனவள் தொட்டிகளைப் பார்த்தேன். ஆறிலும் இலை பழுப்பாகி மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை.

காய்ந்த செடி வீட்டில் இருக்கக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். நல்ல நாளில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அண்ணன் அங்கே மூக்கில் குழாயோடு படுத்திருக்க, அவர் கையால் வளர்த்தது ஆறும் இங்கே ஒன்றாகச் செத்துக் கிடக்கின்றன. அது அவரையும் இழுத்துக்கொண்டு போகப்போகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிறகு கை மட்டும் ஓடியது. ஆறு தொட்டி மண்ணையும் கறுப்புப் பையில் கொட்டிக் கட்டி, வாசலில் குப்பைத் தோம்புக்குள் போட்டேன். தொட்டிகளைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பாசாருக்கு ஓடி ஆறு துளசிக் கன்று வாங்கிவந்து நட்டேன். சாமி விளக்கை ஏற்றிவிட்டு, "என் அண்ணனைக் கொடுத்துவிடு" என்று கேட்டேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு சுத்தமாக எதையும் செய்ததில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை பத்து மணி போல் அண்ணன் கண் விழித்தார். என்னைப் பார்த்தார், அடையாளம் தெரிந்தது. நான் அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் செய்தது பலித்துவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அவருக்குக் குரல் எழும்பவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"தொட்டியில எல எல்லாம் விழுந்துருச்சா?"

"ஆமாண்ணே" என்றேன்.

"விழுற நேரந்தான். தண்ணி ஊத்திடாதம்மா, அழுகிரும். தூங்குது. ஒனக்குக் காஞ்சது புடிக்காதேன்னு நான்தான் எடுத்து ஸ்டோர் ரூம்ல வச்சிருவேன். இந்தத் தடவ முடியல. கொஞ்சம் எடுத்து உள்ள வச்சிரு."

சரி என்று தலையாட்டினேன். அறையை விட்டு வெளியே வந்ததும் என் கணவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே வீட்டுக்குக் காரை ஓட்டினார். குப்பை லாரி காலையிலேயே வந்து போய்விட்டது. தோம்பு காலியாக இருந்தது. நகராண்மைக் கழகத்தின் குப்பை கொட்டும் இடம் வரை போனோம். வாசலில் இருந்தவரிடம் என் கணவர் மலாயில் கெஞ்சினார். அவர் பின்னால் இருந்த குப்பை மலையைக் கையால் காட்டினார். திரும்பி வந்துவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே லாபிசுக்குப் போனோம். ஆற்றோரத்தில் எப்படியும் இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை. தோட்டத்தில் மறுநடவு நடந்துகொண்டிருந்தது. பழைய செம்பனைகளைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். அண்ணன் முன்பு சொல்லியிருந்த அடையாளத்தை வைத்துத் தேடிக்கொண்டு போனால், கரை முழுவதையும் மண்வாரி இயந்திரம் வழித்து நேராக்கியிருந்தது. ஆறு ஒரு வாய்க்கால்போல் சிவந்த மண்ணுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் வரை சேற்றில் இறங்கி இரண்டு மணி நேரம் தேடினேன். புல்கூட இல்லை.

திரும்பி வரும்போது என் கணவர் சொன்னார்: "மச்சான்கிட்ட சொல்லிடு. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"ஒண்ணும் சொல்ல மாட்டாருன்னுதான் பயமா இருக்கு" என்றேன்.

புவானிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் மலாயில், "அக்கா, உறவுக்காரர்கள் வீட்டில் தேடுங்கள். அவர் நிறையப் பேருக்குக் கொடுத்ததாகச் சொன்னாரே" என்றார். இப்படித்தான் உங்களில் சிலருக்கு என் தொலைபேசி வந்தது. சும்மா நலம் விசாரிப்பதுபோல் ஆரம்பித்து, அண்ணன் கொடுத்த செடி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நீங்களும் சொன்னீர்கள். "அதுவாக்கா? காஞ்சு போச்சு, தூக்கிப் போட்டாச்சே." ஒரே பதில்தான், நான் கூப்பிட்ட எல்லா வீட்டிலும். உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முன்னறையில் கட்டில் போட்டோம். நடக்க முடியாது. சக்கர நாற்காலியில் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போகச் சொல்லி என் கணவரிடம் கேட்டிருக்கிறார். தரை வழுக்கும் என்று நான் தடுத்துவிட்டேன். ஒரு தொட்டியையாவது கொண்டுவந்து காட்டச் சொன்னார். தூங்குவதை அசைக்க வேண்டாமே என்றேன். அவர் சொன்ன வார்த்தையையே அவரிடம் திருப்பிச் சொன்னேன். "சரிம்மா" என்றார். பின்கதவை நான் சாத்தியே வைத்திருந்தேன்.

டயாலிசிஸ் முடிந்து வந்த ஒரு நாள் மிகவும் சோர்ந்திருந்தார். கஞ்சி இறங்கவில்லை. அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், அவர் கேட்காமலே நான் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, மொள வந்திருக்கு. ரெண்டு."

அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எந்தத் தொட்டியில?"

"ஓரத்துல இருக்குல்ல, அதுல."

"சரிம்மா. நல்லாப் பாத்துக்க" என்றார். என் கையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு இரண்டு கரண்டி கஞ்சி குடித்தார். என் மகளைக் கூப்பிட்டு நோட்டையும் பேனாவையும் எடுத்துத் தரச் சொன்னார். எனக்கு மனசு லேசாகிவிட்டது. அடுத்த வாரம் டயாலிசிஸ் நாற்காலியிலேயே அண்ணனின் இதயம் நின்றுவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீங்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, நான் அந்த நோட்டைத் திறந்தேன். அதற்கு முன் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. கோணல் மாணலான எழுத்து, இரண்டாம் படிவத்தோடு நின்றுபோன கை. ஒவ்வோர் ஆண்டும் இலை விழுந்த தேதி, முளை வந்த தேதி. எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை, அண்ணனே அடியில் எழுதியிருந்தார்: "எல விழுந்து நாலு மாசத்துக்கு முன்னாடி எந்த வருசமும் முளைச்சதில்ல." நான் முளை வந்ததாகச் சொன்னது இலை விழுந்து ஆறாவது வாரத்தில்.

கடைசிப் பக்கத்தில் நான் அதைச் சொன்ன நாளின் தேதி போட்டிருந்தது. "பார்த்தது" என்ற பக்கம் வெறுமையாக இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம், "கேட்டது" என்பதற்குக் கீழே எழுதியிருந்தார்: "தங்கச்சி சொன்னது. ரெண்டு முளை."

என் அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் என் கையைத் தட்டிக்கொடுத்திருக்கிறார். என்னைப் பொய்க்காரி என்றும் எழுதவில்லை, என் பொய்யைத் தான் பார்த்ததாகவும் எழுதவில்லை. எனக்காகக்கூட அவர் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. அந்தப் பக்கத்தின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. ஓராண்டாகியும் அந்த அழுகை ஓயவில்லை. மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு இடம் கொடுக்காமல் போய்விட்டார் என்று சில சமயம் அவர் மேலேயே கோபம் வருகிறது.

அதற்குப் பிறகு சில மாதம் வெட்கத்தை விட்டு நேராகத் தேடினேன். செடெனாக்கில் இருக்கும் எங்கள் பெரியம்மா மகளைப் பார்க்கப் போனேன். அவள் வீட்டை நான் எத்தனையோ தடவை குறை சொல்லியிருக்கிறேன். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாதவள் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

"அலமாக்! ஐயோ, அந்தத் தொட்டியா? நான் தூக்கிப் போடலக்கா. ஆனா எங்க வச்சேன்னு தெரியல. மெஷினுக்குப் பின்னாடி பாருங்க" என்றாள்.

துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால், ஒற்றைச் செருப்பு, உடைந்த பக்கெட், பழைய நாளிதழ் எல்லாவற்றுக்கும் அடியில் அந்தத் தொட்டி இருந்தது. தண்ணீர் ஊற்றி எத்தனை மாதமோ. மண்ணில் விரல் நுனி அளவுக்குச் சுருட்டிக்கொண்டு ஒரு முளை வெளியே வந்திருந்தது. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் பயந்துபோய், "அக்கா, நான் கிளீன் பண்ணிடுறேன்கா" என்றாள். "ஒண்ணையும் தொடாத" என்றேன்.

தொட்டியை அங்கேயே விட்டோம். இடம் மாற்ற எனக்குத் தைரியம் இல்லை. பூ வரும் அறிகுறி தெரிந்ததும் புவான் வந்து அவள் வீட்டிலேயே தங்கினார். விடிந்து வெயில் ஏறியதும் பூ விரிந்தது. மூன்று பெண்கள் துணி துவைக்கும் இடத்தில் குந்தியிருந்து பார்த்தோம். புவான் அளந்தார், வரைந்தார், படம் எடுத்தார். பூவின் தொண்டைக்குள் இருந்த நிறத்துக்கு மட்டும் அவருக்குச் சொல் கிடைக்கவில்லை. மஞ்சள் இல்லை, வெள்ளையும் இல்லை. பாக்சிக் என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டார். நோட்டைப் பார்த்தேன். "சீம்பால் நிறம்" என்று இருந்தது. லயத்தில் எங்கள் அம்மா மாடு வைத்திருந்தார். கன்று போட்ட மாட்டின் முதல் பாலை அண்ணன்தான் எனக்குக் காய்ச்சிக் கொடுப்பார். மலாயில் அதை எப்படிச் சொல்வது? "பசு கன்று போட்டதும் வருகிற முதல் பால்" என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். புவான் குனிந்து மறுபடியும் பூவைப் பார்த்தார். "ஆமாம்" என்று எழுதிக்கொண்டார். பெரியம்மா மகள் மூக்கைச் சிந்தினாள்.

ஆனால் காய் பிடிக்கவில்லை. பிடிக்காது. ஒற்றைச் செடி, மகரந்தம் கொடுக்க இன்னொரு செடி இல்லை. அண்ணன் எழுதி வைத்தது இதிலும் சரியாகத்தான் இருக்கிறது. காய் இல்லாமலும் எழுதலாம், ஆனால் அது பாதி எழுதியதுபோல் இருக்கும் என்கிறார் புவான். அதைவிட, இந்த ஒன்றும் போய்விட்டால் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

இனி நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள். டயாலிசிஸ் நிலையத்துத் தாதியர், அண்ணனைக் கடைசி நிமிடம் வரை "பாக்சிக், பாக்சிக்" என்று தங்கள் சொந்த மாமாவைப்போல் பார்த்துக்கொண்டார்கள். லாபிசிலிருந்து வேன் பிடித்து இறுதிச் சடங்குக்கு வந்த பழைய தோட்டத்துக் கூட்டாளிகள், சுடுகாடு வரை தோள் கொடுத்தார்கள். பழைய மண்டோர் தள்ளாத வயதிலும் வந்து நின்றார். என் கணவர் ஓராண்டாக என்னைக் குத்திக்காட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. புவானும் அப்படியே. சமையல், பந்தல், மலர் அச்சு என்று ஓடியாடிய பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தத் தங்கையின் கைகூப்பிய நன்றி.

உதவி இதுதான். அண்ணன் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த தொட்டி எங்காவது கிடக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். படிக்கட்டுக்கு அடியில், வண்டி நிறுத்துகிற இடத்தில், சாமான் அறையில். வெறும் மண்ணாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. கிளறாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள். எந்த ஊராக இருந்தாலும் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

தூக்கிப் போட்டுவிட்டிருந்தால் அதையும் உள்ளபடியே சொல்லுங்கள். என் மனம் நோகும் என்று "இருக்குக்கா, நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் நம்பிவிடுவேன்.